துபாயில் சிக்கனம்: கட்டிலில் மட்டும் வேண்டாம்!

துபாய்க்குப் பிழைக்கப் போகும் வாலிபருக்கு, போய் வந்தவர்கள் சொல்லித் தரும் முதல் பாடமே சிக்கனம்தான். "பெட் ஸ்பேஸ் பிடிச்சுக்கோ தம்பி, காசு மிச்சம்" என்பார்கள். பெட் ஸ்பேஸ் என்றால் வீடும் இல்லை, அறையும் இல்லை. பத்துப் பேர் படுக்கும் அறையில் ஒரு கட்டில். அதுவும் அடுக்குக் கட்டில்!

மற்றச் சிக்கனத்தை யாரும் குறை சொல்ல முடியாது. தேராவில் இருந்து பர் துபாய்க்கு ஆப்ரா படகில் போனால் 1 திர்ஹாம். டாக்சி எதற்கு? தினமும் வெகுதூரம் வேலைக்குப் போகிறவர் மாதப் பாஸ் எடுத்துவிட்டால் பஸ், மெட்ரோ இரண்டுக்கும் ஆயிற்று. நாலு பேர் கூடிச் சமைத்து, ராத்திரிக்கு குப்பூஸ் ரொட்டியும் பருப்பும் சாப்பிட்டால் கையில் காசு நிற்கும். ஊரில் அப்பா வாங்கிய கடனும் அடையும்.

ஆனால், படுக்கிற இடத்தில் கஞ்சத்தனம் காட்டலாமா?

2023 ஏப்ரல் 15-ந் தேதி தேராவில் அல் ராஸ் பகுதியில் ஒரு அடுக்குமாடிக் கட்டிடம் தீப்பிடித்தது. 16 பேர் பரிதாபமாகச் செத்தார்கள். அதில் தமிழ்நாட்டுக்காரர்கள் இரண்டு பேர். பாதுகாப்பு விதிகளைச் சரியாகக் கடைப்பிடிக்கவில்லை என்று முதல் விசாரணையில் தெரியவந்தது. அடுத்த வருஷம் ஜூன் 12-ந் தேதி குவைத்தில் மங்காப் என்ற இடத்தில் தொழிலாளர் குடியிருப்பு எரிந்தது. அங்கே செத்த இந்தியர்களில் 7 பேர் தமிழர்கள். பெட்டியில் ஊர் வந்து சேர்ந்தார்கள்.

அறைக்குள் பலகை அடித்து நாலு பொந்தாக்கி வாடகைக்கு விடுவதை "பார்ட்டிஷன்" என்கிறார்கள். தீப்பிடித்தால் வெளியே ஓட வழி இருக்காது. 2025 ஜூனில் துபாய் மாநகராட்சி ரிக்கா, சத்வா, பர்ஷா போன்ற பகுதிகளில் இதன் மேல் அதிரடி நடவடிக்கை எடுத்தது. நல்ல காரியம்தான். ஆனால் பலகையைப் பிரித்தால் பெட்டியோடு தெருவில் நிற்பது வாடகைக்கு விட்டவர் இல்லை, அட்வான்ஸ் கொடுத்த அப்பாவி!

ஆகவே கட்டிலுக்குப் பணம் கொடுக்கும் முன் கண்ணால் பாருங்கள். ஜன்னல் திறக்கிறதா? மாடிப்படியில் சாமான் அடைத்திருக்கிறதா? ஒரே பிளக்கில் எத்தனை அடுப்பு? வீட்டை எடுத்தவரிடம் "இஜாரி" என்ற வாடகைப் பதிவு இருக்கிறதா, அதில் உங்கள் பெயரைச் சேர்ப்பாரா என்று கேளுங்கள். மழுப்பினால் வேறு இடம் பார்க்க வேண்டியதுதான். மாசம் நூறு திர்ஹாம் கூடப் போனாலும் போகட்டும்.

இன்னொரு இடத்திலும் காசு பார்க்கக் கூடாது. வேலை போனால் கை கொடுக்கும் இன்சூரன்சுக்கு, அடிப்படைச் சம்பளம் 16 ஆயிரம் திர்ஹாம் வரை உள்ளவர் மாதம் கட்டுவது வெறும் 5 திர்ஹாம். 12 மாதம் விடாமல் கட்டியவருக்கு, வேலை போனால் அடிப்படைச் சம்பளத்தில் 60 சதவீதம் 3 மாதம் வரை கிடைக்கும். சேராமல் இருந்தால் அபராதம் 400 திர்ஹாம்!

பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொள்வது அந்த நாட்டுச் சட்டப்படியே குற்றம். கேட்டும் தரவில்லையா? துபாயில் இந்தியத் துணைத் தூதரகம் இருக்கிறது. கட்டணம் இல்லாத உதவி போன்: 800 46342.