மொட்டை மாடியில் ஒரு சாக்பீஸ் கோடு

ஒரு சின்ன டெஸ்ட். பேப்பர், பேனா எதுவும் வேணாம், கண்ணை மட்டும் மூடிக்குங்க. உங்க ஹாஸ்டல் மொட்டை மாடியில மேற்கே பார்த்து நிக்கிறீங்க. எதிர்ல என்ன தெரியுது? மலையா, வாட்டர் டேங்கா, செல்போன் டவரா? பனைமரம் இருந்தா எத்தனை?

தெரியலைல்ல? வெட்கப்படாதீங்க பாஸ், நானும் அப்படித்தான். மூணு வருஷம் ஒரே மாடியில துணி காயப் போட்டு, அரட்டை அடிச்சு, அரியருக்குப் படிச்சிருக்கேன் (சரி, படிக்கிற மாதிரி நடிச்சிருக்கேன்). பல வருஷம் கழிச்சு பழைய மாணவர்கள் கூடினப்போ அதே மாடியில ஏறினோம். மேற்கே வரிசையா அபார்ட்மென்ட்! "இங்கே சோளக்காடுதானே இருந்தது?"ன்னு கேட்டேன். "இல்லடா, குளம்"னான் ஒருத்தன். "ரெண்டும் இல்ல, வெறும் கருவேலங்காடு"ன்னான் இன்னொருத்தன். சண்டையே வந்துடுச்சு. ஊருக்குப் போய் ஆளாளுக்குப் பழைய ஆல்பத்தைத் தேடி எடுத்துப் புரட்டினோம். எல்லாத்துலயும் எங்க மூஞ்சிதான். பின்னாடி இருந்ததை மறைச்சுக்கிட்டு வரிசையா இளிச்சுட்டு நிக்கிறோம். அங்கே என்னதான் இருந்ததுன்னு இன்னிக்கு வரைக்கும் முடிவாகலை.

அந்தக் கடுப்புல ஆரம்பிச்ச பழக்கம் இது. தினமும் ஒரு போட்டோ. ஒரே இடம், ஒரே நேரம், ஒரே திசை. கீழே கொஞ்சம் தரை, மேலே நிறைய வானம். அவ்வளவுதான் விஷயம்.

காஸ்ட்லி கேமராவெல்லாம் வேணாம், பாக்கெட்டுல இருக்கிற போன் போதும். மாடியில கிழக்கோ மேற்கோ தெரியற ஒரு மூலையைப் பிடிங்க. கால் வைக்கிற இடத்துல சாக்பீஸால ஒரு கோடு போடுங்க. மழையில அழிஞ்சா திரும்பப் போட்டுக்கலாம். பெயின்ட் அடிச்சீங்கன்னா வார்டன் உங்களை அடிப்பார். கைப்பிடிச் சுவரோட முனை எப்பவும் படத்தோட இடது ஓரத்துல வரட்டும். ஜூம் வேணாம், ஃபில்டர் வேணவே வேணாம். உச்சி வெயில்ல சூரியனைப் பார்த்து போனைத் தூக்காதீங்க, கண்ணுக்கு ஆபத்து.

முதல் வாரம் செம ஜாலியா இருக்கும். ரெண்டாவது வாரம் போரடிக்கும். "நேத்து மாதிரியேதானே இருக்கு, இதை எதுக்கு எடுக்கணும்?"னு மனசு கேட்கும். நிறைய பேர் கழண்டுக்கிறது இங்கேதான். நானும் முதல் தடவை பன்னிரண்டாம் நாள் கழண்டுக்கிட்டேன். மேகம் சூப்பரா இருக்கிற அன்னிக்கு மட்டும் எடுத்தா அது காலண்டர் படம் பாஸ். சும்மா வெளுத்துப்போய்க் கிடக்கிற வானத்தையும் விடாம எடுத்தாத்தான் வேற ஒண்ணு தெரிய ஆரம்பிக்கும்.

உதாரணத்துக்கு, சூரியன். 'கிழக்கே உதிக்கும்'னு ரெண்டாம் கிளாஸ்ல படிச்சோமே, அது பாதி உண்மைதான். நேர் கிழக்கே உதிக்கிறது மார்ச்சுலயும் செப்டம்பர்லயும் மட்டும். ஜூன் 21 வாக்குல வடக்கே தள்ளிப் போய் நிக்கும். டிசம்பர் 22 வாக்குல தெற்குக் கோடி. கையை நேரா நீட்டி முஷ்டியை மடக்குங்க, அந்த அகலம் சுமார் 10 டிகிரி. நம்ம ஊர்ல சூரியன் வருஷத்துக்கு நகர்றது கிட்டத்தட்ட அஞ்சு முஷ்டி! தை மாசம் டேங்குக்கு வலப்பக்கம் எழுந்த ஆள், ஆனியில இடப்பக்கம் எழுந்திருப்பார். உத்தராயணம், தட்சிணாயனம்னு தாத்தா சொன்னது வேற எதுவும் இல்ல, இதுதான். மழை விட்ட மறுநாள் நீலம் அழுத்தமா இருக்கும், காத்துல இருந்த தூசியை மழை இறக்கிட்டுப் போயிருக்கும். ரெண்டு படத்தைப் பக்கத்துல வெச்சாத்தான் இதெல்லாம் கண்ணுல படும்.

நம்மளைவிடப் பிடிவாதக்காரங்க கொடைக்கானல்ல இருந்தாங்க. அடுத்த டூர்ல போட்டிங்கை முடிச்சுட்டு அப்படியே மேலே அப்சர்வேட்டரிக்கும் ஒரு எட்டு போங்க. 1904-ல ஆரம்பிச்சு நூறு வருஷத்துக்கும் மேல, மேகம் மறைக்காத நாளெல்லாம் சூரியனை அங்கே படம் எடுத்து வெச்சிருக்காங்க. சூரியன்ல கரும்புள்ளிகள் கூடிக் குறையற சுழற்சிக்கு ஏறக்குறைய 11 வருஷம். ஒரு நாள் படத்துல அது தெரியுமா? புள்ளியே இல்லாத மொட்டைச் சூரியனையும் சளைக்காம எடுத்து வெச்சாங்க பாருங்க, அதனாலதான் அந்தச் சுழற்சியைக் கணக்குப் பண்ண இன்னிக்கும் அந்தப் படங்கள் உதவுது. அந்த அப்சர்வேட்டரியோட முதல் இயக்குநர் மிச்சி ஸ்மித், அதுக்கு முன்னாடி சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில ஃபிசிக்ஸ் வாத்தியார். 1883 ஆகஸ்ட்ல இந்தோனேசியாவுல கிரகடோவா எரிமலை வெடிச்சுது. அடுத்த மாசம் சென்னையில சூரியன் பச்சையா தெரிஞ்சப்போ, அதைக் கவனிச்சுப் பதிவு பண்ணினவர் இவர்.

சரி, சயின்ஸ் போதும். எனக்குத் தெரிஞ்ச ஒரு தம்பியைப் பத்திச் சொல்லணும். மன்னார்குடி பக்கம் ஒரு கிராமம். அப்பா அபுதாபியில டிரைவர். இவன் தினமும் காலேஜ் பஸ்ஸுக்கு ஓடறதுக்கு முன்னாடி, வீட்டுப் பின்வாசல் படியில நின்னு வயலையும் வானத்தையும் ஒரு படம் எடுத்து அப்பாவுக்கு அனுப்புவான். அங்கேர்ந்து பதில் வரும். "வடக்கு மூலையில தண்ணி நிக்குது, வடிய விடச் சொல்லு." "மேக்கால கருத்திருக்கு, வைக்கோலை மூடிட்டுப் போ." மூணு வருஷமா ஊருக்கு வராத மனுஷன், அந்தப் படத்துலதான் விவசாயம் பண்ணிக்கிட்டு இருந்தார்.

2018 நவம்பர் 16 விடியறதுக்கு முன்னாடி கஜா புயல் வேதாரண்யம் பக்கமா கரையைக் கடந்தது. விடிஞ்சதும் தம்பி அதே படியில நின்னு படம் எடுத்தான். அனுப்பத்தான் முடியலை. கரன்ட் இல்ல, டவர் இல்ல. அப்பா அங்கே டி.வி-யில நியூஸ் பார்த்துட்டுத் தவிச்சுக்கிட்டு இருக்கார். நாலாவது நாள் ஜெனரேட்டர் வெச்சிருந்த ஒரு கடையில சார்ஜ் போட்டு, டவர் கிடைக்கிற இடத்துக்கு சைக்கிள்ல போய் அனுப்பினான். உடனே போன்.

"எல்லாரும் நல்லா இருக்கீங்களாடா?"

"இருக்கோம்ப்பா."

"இது அதே எடத்துல நின்னுதான் எடுத்தியா?"

"ஆமாப்பா."

"வானம் பெருசா இருக்கே..."

வாய்க்கால் கரையில இருந்த பதினோரு தென்னையில ரெண்டுதான் மிச்சம். எல்லாம் தாத்தா வெச்சது. அப்புறம் கணக்கெடுக்க வந்தவங்ககிட்ட தம்பி 15-ம் தேதி படத்தையும் 16-ம் தேதி படத்தையும் அடுத்தடுத்துக் காட்டினான். எத்தனை மரம் விழுந்ததுன்னு அவங்களே எண்ணிக்கிட்டாங்க. 14-ம் தேதி "எதுக்குடா தினமும் இந்த வெட்டி வேலை?"ன்னு கேட்டிருந்தா, அவன்கிட்ட பதில் இருந்திருக்காது.

அதே கரையில புதுசா ஒன்பது கன்னு வெச்சாங்க. ஒரு வருஷம் வரைக்கும் படத்துல அது கண்ணுக்கே தெரியலை. அப்புறம் நெல்லுக்கு மேலே கோடு கோடா ஓலை எட்டிப் பார்த்துச்சு. இப்போ வானத்துல பாதியைத் திரும்பப் பிடிச்சுக்கிச்சு.

தம்பி இப்போ வேலைக்காகச் சென்னையில இருக்கான். அம்மாதான் தினமும் படம் எடுக்கறாங்க. பாதிப் படத்துல அவங்க கட்டைவிரலும் வானத்துல இருக்கும். அப்பா இன்னும் அபுதாபியிலதான். "விரலை எடுத்துட்டு எடுக்கச் சொல்லட்டுமாப்பா?"ன்னு கேட்டிருக்கான்.

"வேணாம், இருக்கட்டும்"னுட்டாராம்.