தகுதி கேளாத இரக்கம்



டோக்கியோவின் ஷின்ஜுகு, உலகிலேயே மிக அதிகமான பயணிகள் வந்து செல்லும் ரயில் நிலையம். நாள்தோறும் ஏறக்குறைய 30 லட்சம் பேர் அதைக் கடக்கின்றனர். இத்தகைய பெருங்கூட்டத்தில் எவருக்கும் எவரும் அயலான் அல்லர் என்று நாம் எளிதில் சொல்லிவிடுகிறோம்.

யமனோதே தடத்தில் அதற்கு அடுத்த நிலையம் ஷின்-ஓகுபோ. 2001 ஜனவரி 26 அன்று மாலை, மதுமயக்கத்தில் இருந்த ஒருவர் அங்கே தண்டவாளத்தில் விழுந்தார். லீ சூ-ஹியோன் என்னும் 26 வயதுக் கொரிய மாணவரும், செகினே ஷிரோ என்னும் ஜப்பானியப் புகைப்படக் கலைஞரும் அவரைக் காப்பாற்றக் கீழே குதித்தனர். ரயில் வந்துவிட்டது, மூவரும் மாண்டனர். லீயின் தாய்நாட்டை ஜப்பான் 1910 முதல் 1945 வரை அடிமைப்படுத்தியிருந்தது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

விழுந்தவர் எந்நாட்டவர், குடித்தது யார் குற்றம் என்று அவ்விருவரும் விசாரிக்கவில்லை. நாமோ விசாரிக்கிறோம். “குடித்துத் தானே கெட்டான்” என்று சொல்லி விலகுகிறோம். நல்ல சமாரியன் உவமையில் விலகிப்போனவர்கள் ஆலயப் பணிவிடைக்காரரே. நம்மை அந்நியராக்குவது கூட்டமன்று; உதவுவதற்குமுன் தகுதியைத் தேடும் மனமே.

எல்லாரும் தண்டவாளத்தில் குதிக்க வேண்டியதில்லை. ஜப்பானிய நடைமேடைகளில் ரயிலை நிறுத்தும் அவசரப் பொத்தான்கள் உண்டு. அதை அழுத்துவதற்கும் ஒருவர் நின்று பார்க்க வேண்டும். இவ்வாரம் விழுந்துகிடக்கும் ஒருவரிடத்தில், காரணம் கேளாமல், நாமும் நிற்போமாக.