உப்பிலும் வேண்டும் அளவு

டொராண்டோ போன்ற பனி நகரங்களில் வாழும் நாம், சுபுஹுத் தொழுகைக்குப் புறப்படுமுன் வீட்டு வாகனப் பாதையில் உப்பைத் தூவுகிறோம். பாதையிலிருந்து இடர் தருவதை அகற்றுதல் ஈமானின் கிளைகளுள் ஒன்று என்று நபி (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். முதியவரோ தபால்காரரோ நம் வாசலில் வழுக்கி விழாமல் காப்பதும் அதில் அடங்கும்.

ஆயினும் அச்சத்தால் மூட்டை மூட்டையாகக் கொட்டுவது முறையாகாது. முதலில் ஷவலால் பனியை வழித்தெடுத்தால், எஞ்சும் மெல்லிய பனிக்கட்டிக்குச் சிறிது உப்பே போதும். 20 அடி நீளப் பாதைக்கு ஏறத்தாழ ஒரு காபிக் கோப்பை அளவு என்பது அங்கு பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. மைனஸ் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே சாதாரணப் பாறை உப்பு பெரிதும் பயன் தராது. அன்று மணலே கால்களுக்குப் பிடிமானம் தரும். ஆகவே, பையில் குறித்துள்ள வெப்பநிலையைப் பார்த்து வாங்குவோம்.

கரைந்த உப்பு மறைந்துவிடுவதில்லை. அண்டை வீட்டாரின் செடிகளைக் கருக்கி, வடிகால் வழியே ஓடைகளையும் ஏரிகளையும் சேர்ந்து நீர்வாழ் உயிர்களை வருத்துகிறது. சாலை உப்பு சுற்றுச்சூழலுக்குத் தீங்கானது என்று கனடா அரசின் மதிப்பீடு 2001-இலேயே முடிவுரைத்தது.

ஓடும் ஆற்றில் ஒளுச் செய்தாலும் நீரை வீணாக்கலாகாது என்று கற்ற சமுதாயம் நாம். ஒருவரின் இடரை அகற்றும் நம் கை, இன்னோர் உயிருக்கு இடராகலாமா? பனி உருகியபின் தரையில் எஞ்சும் உப்பைக் கூட்டியெடுத்து அடுத்த பனிக்கு வைத்துக்கொள்வோம். வீண்விரயத்திலிருந்து அல்லாஹ் நம்மைக் காப்பானாக.