கல்பாக்கத்தில் இல்லாமல்போன எச்சரிக்கை மணி

திருவண்ணாமலை பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஸ்கேன் சென்டர். காலை எட்டு மணிக்கெல்லாம் வாசலில் செருப்புகள் குவிந்துவிடும். செங்கத்திலிருந்தும் போளூரிலிருந்தும் டாக்டர் சீட்டோடு வந்தவர்கள் பெஞ்சில் நெருக்கி உட்கார்ந்திருப்பார்கள். ஒரு நாளில் எத்தனை முறை பட்டனை அழுத்துகிறோம் என்று எக்ஸ்ரே எடுக்கும் இளைஞருக்கே கணக்கு இருக்காது. அவர் மார்பில் மாட்டியிருக்க வேண்டிய பேட்ஜ், மேஜை இழுப்பறையில் பழைய ரசீதுப் புத்தகங்களுக்கு அடியில் கிடக்கிறது. கேட்டால், “இன்ஸ்பெக்‌ஷன் வந்தா மாட்டிக்குவோம் சார்” என்கிறார்.

உள்ளங்கையில் அடங்கும் பிளாஸ்டிக் சட்டம் அது. உள்ளே மூன்று சிறு வில்லைகள். வாங்கிய கதிர்வீச்சை அவை தமக்குள் தேக்கி வைத்துக்கொள்ளும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆய்வகத்துக்கு அனுப்பிச் சூடாக்கினால், தேங்கியதற்கு ஏற்ற அளவு ஒளியை விடும். அந்த ஒளியை அளந்துதான் அணிந்தவர் உடல் எவ்வளவு கதிர்வீச்சை வாங்கியது என்று சொல்கிறார்கள். மிகவும் தேவையான பொருள்தான். ஆனால் நடந்து முடிந்ததை மட்டுமே அதனால் சொல்ல முடியும். “இங்கே நிற்காதே, ஓடு” என்று அது கத்தாது.

இந்த வித்தியாசம் புரிந்தால்தான் கல்பாக்கத்தில் நடந்தது புரியும்.

2003 ஜனவரி 21. கல்பாக்கம் அணு எரிபொருள் மறுசுழற்சி ஆலையின் கழிவுத் தொட்டிப் பகுதி. வீரியம் குறைந்த கழிவிலிருந்து மாதிரி எடுத்து வருவது அங்கே வழக்கமான வேலை. ஒரு வால்வு பழுதாகி, வீரியம் மிகுந்த கழிவு அந்தத் தொட்டிக்குள் கசிந்திருந்தது. மாதிரி எடுக்கப் போனவர்களுக்கு அது தெரியாது. கதிர்வீச்சுக்கு நிறமில்லை, வாடையில்லை, கை வைத்தால் சுடுவதுமில்லை. அதைச் சொல்ல வேண்டியது சுவரில் மாட்டிய ஒரு கண்காணிப்புக் கருவி. ஆலை வந்து ஐந்து ஆண்டுகள் ஆகியும் அந்த இடத்தில் அப்படி ஒரு கருவி பொருத்தப்படவில்லை. வால்வு பழுதானால் காட்டிக்கொடுக்கும் ஏற்பாடும் இல்லை. கொண்டு வந்த மாதிரியை ஆய்வகத்தில் சோதித்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. அதற்குள் ஆறு பேர் 280 முதல் 420 மில்லிசீவர்ட் வரை வாங்கிவிட்டார்கள்.

ஓர் அணுமின் ஊழியர் எந்த ஓர் ஆண்டிலும் 30 மில்லிசீவர்ட்டைத் தாண்டக் கூடாது என்பது இந்திய விதி. மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் மனிதர் இயற்கையாக வாங்குவது உலக சராசரியில் ஆண்டுக்கு 2.4. அந்தக் கணக்கில் பார்த்தால், 420 என்பது 175 ஆண்டுகளின் பங்கு.

விபத்து எந்த ஆலையிலும் நேரலாம். அதற்குப் பிறகு என்ன செய்தார்கள் என்பதுதான் கேள்வி. தொழிலாளர்கள் ஆர்வக் கோளாறில் தவறாகக் கணித்துவிட்டார்கள் என்றது நிர்வாகம். பேட்ஜ் அணியவில்லை என்ற குற்றச்சாட்டும் வந்தது. பேட்ஜ் அணிந்தே போயிருந்தாலும் அந்த ஆறு பேருக்கும் அதே கதிர்வீச்சு கிடைத்திருக்கும். எவ்வளவு என்பது பின்னால் இன்னும் துல்லியமாகத் தெரிந்திருக்கும், அவ்வளவுதான். சுவரில் இல்லாத கருவிக்கு, சட்டையில் இல்லாத பேட்ஜ் எப்படிப் பதிலாகும்?

ஊழியர் சங்கம் சும்மா இருக்கவில்லை. சில நாட்களிலேயே பத்துக் கோரிக்கைகளோடு நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதியது. முழுநேரப் பாதுகாப்பு அதிகாரி வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. சம்பள உயர்வு கேட்ட கடிதம் அல்ல அது. உயிர் பயத்தில் எழுதியது. பதில் வராததால் வேலைநிறுத்தம் செய்தார்கள். சங்கத்தின் முக்கியமானவர்கள் இடமாற்றம் செய்யப்பட, மற்றவர்கள் வேலைக்குத் திரும்பினார்கள். செய்தி பத்திரிகைகளுக்குக் கசிந்த பிறகே, ஆகஸ்ட் மாதத்தில், ஆலையை நடத்தும் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் இயக்குநராக இருந்த பட்டாச்சார்ஜி, இந்திய அணுசக்தி வரலாற்றிலேயே மிக மோசமான கதிர்வீச்சு விபத்து இது என்று ஒப்புக்கொண்டார். ஜனவரியில் நடந்ததற்கு ஆகஸ்டில் வாய் திறந்தார்கள். ஆலைக்குப் பக்கத்தில் சதுரங்கப்பட்டினத்திலும் புதுப்பட்டினத்திலும் வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்களுக்கு அதுவரை நிர்வாகம் எதுவும் சொல்லவில்லை.

இதையெல்லாம் தட்டிக் கேட்டிருக்க வேண்டிய அமைப்பு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம். ஆனால் பாபா மையத்தின் ஆலைகள் அந்த வாரியத்தின் பார்வையிலிருந்து 2000-ஆம் ஆண்டிலேயே விலக்கப்பட்டிருந்தன. ஆலையை நடத்துபவரே அதன் பாதுகாப்பையும் சோதித்துக்கொள்ளும் ஏற்பாடு அது. சங்கத்தின் கடிதம் போய்ச் சேர வெளியே ஒரு முகவரி இல்லாமல் போனதற்கு இதுவே காரணம்.

2009 நவம்பரில் கர்நாடகத்தின் கைகா அணுமின் நிலையத்தில் இன்னொரு விதமாக நடந்தது. குடிநீர் கூலரில் டிரிட்டியம் என்ற கதிர்வீச்சுப் பொருள் கலந்த கனநீரை யாரோ ஊற்றியிருந்தார்கள். ஊழியர்களின் சிறுநீரை வழக்கமாகச் சோதிக்கும் முறை இருந்ததால் அது பிடிபட்டது. ஐம்பதுக்கும் மேற்பட்டவர்களின் உடலில் டிரிட்டியம் கூடியிருந்தது. இருவருக்கு வரம்பைத் தாண்டியது. செய்தியும் சில நாட்களில் வெளியே வந்துவிட்டது. உடலில் சேர்ந்த டிரிட்டியம் நீரோடு நீராக வெளியேறும். சீக்கிரம் கண்டுபிடித்து நிறையத் தண்ணீர் குடிக்க வைத்தால் பாதிப்பு குறையும். கண்காணிப்பு இருந்த இடத்துக்கும் இல்லாத இடத்துக்கும் உள்ள தூரம் இவ்வளவு.

உண்மையைச் சொன்னால் மக்கள் பீதியடைவார்கள் என்பது அதிகாரிகள் வழக்கமாகச் சொல்லும் சமாதானம். அது சரியில்லை என்பதற்குத் திருவண்ணாமலையே சாட்சி. 2024 டிசம்பர் 1 அன்று ஃபெஞ்சல் புயல் மழையில் அண்ணாமலை சரிந்து, அடிவாரத்து வ.உ.சி. நகரில் ஐந்து குழந்தைகள் உட்பட ஏழு பேர் மண்ணுக்குள் போனார்கள். பன்னிரண்டே நாளில் கார்த்திகை தீபம். 2,668 அடி மலை உச்சிக்கு ஏறுவது பலருக்குத் தலைமுறை தலைமுறையாக வந்த வேண்டுதல். வல்லுநர்கள் மலையேறிப் பார்த்தார்கள். மண் உறுதியாக இல்லை என்றார்கள். பக்தர்கள் ஏறக் கூடாது என்று அரசு வெளிப்படையாக அறிவித்தது. வருத்தம் இருந்தது. ஆனாலும் லட்சக்கணக்கானோர் கீழேயே நின்று, உச்சியில் எரிந்த தீபத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். கடவுள் விஷயத்திலேயே காரணத்தைக் கேட்டு ஒதுங்கி நிற்கத் தெரிந்த மக்களுக்கு, நேர்கோட்டில் 125 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஓர் ஆலையின் கசிவைப் பற்றிச் சொல்ல என்ன தயக்கம்?

கல்பாக்கத்து ஊழியர்களின் திறமையில் சந்தேகமே வேண்டாம். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி நீர் அங்குள்ள அணுமின் நிலையத்தின் பம்ப் ஹவுஸுக்குள் புகுந்தபோது, ஓடிக்கொண்டிருந்த இரண்டாவது உலையைப் பாதுகாப்பாக நிறுத்தியவர்கள் அவர்கள். அப்படிப்பட்டவர்கள் “இங்கே கருவி இல்லை” என்று எழுதிக் கொடுத்தால், அதை முதல் எச்சரிக்கை மணியாக எடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

ஒழுங்குமுறை வாரியத்தைப் பற்றிய மத்திய கணக்குத் தணிக்கையாளரின் 2012 அறிக்கை இதைவிடக் கவலை தருவது. விதிமீறலுக்கு உச்ச அபராதமே 500 ரூபாய் என்றது. நாட்டில் 57,443 மருத்துவ எக்ஸ்ரே நிலையங்கள் இயங்க, பதிவு பெற்றவை 5,270 மட்டுமே என்றும் சொன்னது. அதன்பின் இணையவழிப் பதிவு வந்து நிலைமை ஓரளவு மாறியிருக்கிறது. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சாந்தி சட்டம் வாரியத்துக்குச் சட்ட அந்தஸ்து தருகிறது. கூடவே அணுமின் துறையில் தனியாருக்கும் கதவைத் திறந்துவிடுகிறது. லாபக் கணக்கும் சேர்ந்துகொள்ளும் இடத்தில் மூடி மறைக்கும் ஆசை கூடுமே தவிரக் குறையாது.

ஆகவே இந்தச் சட்டத்தை நடைமுறைப்படுத்தும்போது சில விஷயங்களை உறுதிசெய்தாக வேண்டும். வரம்பைத் தாண்டி ஒருவர் கதிர்வீச்சு வாங்கினால், அந்த எண் ஒரே நாளில் அவர் கைக்கும் அவர் குடும்பத்துக்கும் போக வேண்டும். பெயரை மட்டும் நீக்கிவிட்டு, அதே எண்ணைச் சுற்றியுள்ள ஊராட்சி அலுவலகங்களின் பலகையில் தமிழில் எழுதி ஒட்ட வேண்டும். குறையை எழுதிக் கொடுத்தவரை இடமாற்றம் செய்தால், செய்த அதிகாரி வாரியத்துக்கு விளக்கம் தர வேண்டும். மறுசுழற்சி ஆலைகளையும் விலக்கில்லாமல் வாரியத்தின் சோதனைக்குள் கொண்டுவர வேண்டும்.

திருவண்ணாமலை ஸ்கேன் சென்டரில் மதியக் கூட்டம் வந்துவிட்டது. ஒரு பாட்டியை முதுகெலும்புப் படத்துக்காகப் படுக்க வைத்துவிட்டு, அந்த இளைஞர் லெட் ஏப்ரனை எடுத்து மாட்டிக்கொள்கிறார். அவருக்கு இருபத்துநான்கு வயது. இன்னும் முப்பது வருடம் இந்த அறையில்தான் வேலை. பேட்ஜ் இன்னும் இழுப்பறையில்தான் இருக்கிறது. முந்தைய மூன்று மாதங்களின் அளவு எவ்வளவு என்று இதுவரை யாரும் அவரிடம் சொன்னதில்லையாம்.