ஜெனீவாவில் விலைபோகும் மௌனம்

2025 அக்டோபர் 6 அன்று ஐ.நா. மனித உரிமைகள் சபை, இலங்கையில் நிகழ்ந்த குற்றங்களுக்குச் சாட்சியம் திரட்டும் பணியை மேலும் இரண்டாண்டு நீட்டித்து, வாக்கெடுப்பின்றியே தீர்மானம் நிறைவேற்றியது. எட்டு நாள் கழித்து இந்தியா அதே சபைக்கு ஏழாம் முறையாகத் தேர்ந்தெடுக்கப்பெற்றது. இவ்விரு செய்திகளையும் சேர்த்துப் படித்தவர் டில்லியிலும் சென்னையிலும் அரியர் என்றே தோன்றுகிறது. அந்த நீட்டிப்பு முடிவுறும் 2027-ல் இந்தியா வாக்குரிமையோடு அங்கே வீற்றிருக்கும்; அந்த வாக்கை நாடிக் கொழும்பின் தூதர்கள் வருவதும் திண்ணம்.

இலங்கைக்கு எதிராக வாக்குக்கு விடப்பட்ட தீர்மானங்களின் கணக்கை நிதானமாக நோக்க வேண்டும். 2012-ல் ஆதரவு 24, எதிர்ப்பு 15, விலகல் 8. 2013-ல் 25, 13, 8. 2014-ல் 23, 12, 12. 2021-ல் 22, 11, 14. 2022-ல் 20, 7, 20. எதிர்த்தோர் பாதிக்கும் கீழே குறைய, விலகி நின்றோர் ஆதரித்தோருக்குச் சரிசமமாகப் பெருகிவிட்டனர். சபையின் அங்கத்தினர் மாறிக்கொண்டே இருப்பதால் இக்கணக்கு செல்லாது என்பார் சிலர். அங்கத்தினர் மாறியும் எண்கள் திசை மாறவில்லை என்பதை அவர்கள் கவனிப்பதில்லை. வளவனூர்ப் பக்கத்து ஊராட்சித் தேர்தலைக் கண்டவர்க்கு இதன் சூட்சுமம் விளங்கும்: எதிர்த்தரப்பு வீட்டுக்காரனைத் தனக்கு வாக்களிக்கச் செய்வதைவிட, அன்றைக்கு அவனைச் சாவடிப் பக்கமே வராமல் செய்வது எளிது.

கொழும்பின் இவ்வாக்குவேட்டை எத்தகையது என்பதற்கு 2021-ஆம் ஆண்டே போதும். கொரோனாவில் இறந்த முஸ்லிம்களின் உடல்களையும் எரித்தே தீர வேண்டுமென்று கொழும்பு அரசு பல மாதம் பிடிவாதம் செய்தது. பிறந்து இருபதே நாளான ஒரு சிசுவின் உடலும் பெற்றோரின் சம்மதமின்றித் தகனமேடைக்குச் சென்றது. அவ்வாண்டு பிப்ரவரி 23 அன்று பாகிஸ்தான் பிரதமர் இம்ரான் கான் கொழும்பு சென்றார். சில தினங்களுக்குள் அடக்கத்துக்கு அனுமதி பிறந்தது. மார்ச்சில் இலங்கைப் பிரதமர் மகிந்த ராஜபக்ச டாக்காவுக்குப் பயணமானார். மார்ச் 23 வாக்கெடுப்பில் பாகிஸ்தானும் வங்கதேசமும் தீர்மானத்தை எதிர்த்தன. இந்தோனேசியாவும் பஹ்ரைனும் விலகின. மாதக்கணக்கில் தாய்மார் அழுது வேண்டியும் கிட்டாத ஆறடி மண், வாக்குகள் தேவைப்பட்டவுடன் கிட்டியது! முடிவு வெளியானதும் வெளிவிவகார அமைச்சர் தினேஷ் குணவர்தன, விலகிய பதினான்கையும் எதிர்த்த பதினொன்றோடு கூட்டி, பெரும்பான்மை தம் பக்கமே என்றார். அப்பதினான்கில் இந்தியாவும் ஒன்று.

2012-லும் 2013-லும் ஆதரித்து வாக்களித்த இந்தியா, 2014-ல் சர்வதேச விசாரணை என்றவுடன் விலகியது. 2021-லும் 2022-லும் அதையே செய்தது. சீனத்தின் பிடியில் இலங்கை சிக்காதிருக்கவே இந்தப் பொறுமை என்று வாதிப்போர் தேசநலத்தைக் காரணம் காட்டுகின்றனர். 2014-ல் நாம் மௌனம் காத்தோம். 2017-ல் அம்பாந்தோட்டைத் துறைமுகம் 99 ஆண்டுக் குத்தகையில் சீனர் வசமாயிற்று. 2022-ல், நாம் ஏறத்தாழ 400 கோடி டாலர் உதவி அளித்துக்கொண்டிருந்த அதே ஆண்டில், சீனக் கண்காணிப்புக் கப்பல் யுவான் வாங் 5 அத்துறைமுகத்திலேயே வந்து நின்றது. ஐம்பதே நாளில் ஜெனீவாவில் மீண்டும் விலகினோம். இவ்வளவுக்குப் பின்னும் அவ்வாதத்தைச் சொல்வோருக்கு மறுமொழி வேண்டியதில்லை.

எங்கள் விழுப்புரம் மாவட்டத்துக் கடற்கரைச் சாலையிலே, கீழ்ப்புத்துப்பட்டு இலங்கைத் தமிழ் அகதிகள் முகாமில், ஊர் திரும்ப வழியின்றி ஒரு தலைமுறையே வளர்ந்துவிட்டது. அவர்தம் உறவினர் காணாமற்போனதற்குப் பதில் கேட்கும் தீர்மானத்தில் இந்தியா தன் கையை உயர்த்தியிருப்பின், 2022-ல் விலகிய இருபதில் நேபாளம் முதலாகப் பாதியாவது நம் பின்னே வந்திருக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை. 2012-ல் தி.மு.க.வின் பதினெட்டு மக்களவை உறுப்பினர் தந்த நிர்ப்பந்தம் டில்லியின் நிலையை மாற்றிற்று. இன்று தமிழகத்துக்கு முப்பத்தொன்பது பேர் உள்ளனர். 2027-ல் இந்தியா விலகாது என்ற பகிரங்க வாக்குறுதியை, கொழும்பின் தூதர் டில்லியில் கதவு தட்டுமுன், வருகின்ற நாடாளுமன்றக் கூட்டத்தொடரிலேயே அவர்கள் கேட்டுப் பெற வேண்டும்.