வென்ற இரவில் வாயை மூடச் சொல்லாதீர்கள்

"அதுதான் வென்றாச்சே, இன்னும் என்ன குறை?" 2025 ஜூன் 10 இரவிலிருந்து மட்டக்குளியில் இந்தக் கேள்வி ஓயவில்லை. அன்று கொழும்பு ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் இலங்கை அணி சீன தாய்ப்பேயை 3–1 என்று வென்றது. ஆசியக் கிண்ணத் தகுதிகாண் சுற்றில் அதற்கு முந்தைய போட்டியில் பாங்கொக் போய் தாய்லாந்திடம் ஒரேயொரு கோலால் தோற்றிருந்தோம். ஆகவே அந்தச் சுற்றில் இதுதான் நமது முதல் வெற்றி. நானும் தொண்டை கட்டும்வரை கத்தினேன். அந்த மகிழ்ச்சியை யாரும் என்னிடமிருந்து பறிக்க முடியாது. ஆனால் அதே இரவில் மனதுக்குள் இருந்த பயத்தைச் சொன்னபோது, "நீ எல்லாம் ஒரு ரசிகனா?" என்றார்கள்.

வெற்றி வந்துவிட்டால் உதைபந்தாட்டம் தேறிவிட்டது, அதன்பிறகும் கேள்வி கேட்பவன் அணிக்கு எதிரி என்று நம்மில் பலர் உறுதியாக நம்புகிறோம். இது வெறும் பிழையான நம்பிக்கை அல்ல. முப்பது வருடமாக நம் ஆட்டத்தைக் கெடுத்துவருவதே இதுதான்.

1995 இல் கொழும்பில் இந்தியாவை 1–0 என்று தோற்கடித்துத் தெற்காசியக் கிண்ணத்தை எடுத்தோம். மேலதிக நேரத்தில் விழுந்த தங்கக் கோல் அது. அந்தத் தலைமுறை இன்றும் அதைச் சொல்லிப் பூரிக்கிறது. அதற்குப் பிறகு அந்தக் கிண்ணம் ஒருமுறைகூட நம் கைக்கு வரவில்லை. 2021 ஒக்டோபரில் மாலேயில் இந்தியாவைக் கோலடிக்க விடாமல் மறித்தோம். அடுத்த மாதம் ரேஸ்கோர்ஸில் நடந்த நான்கு நாடுகள் போட்டியில் மாலைதீவுடன் 4–4 என்று சமன், பங்களாதேஷுக்கு எதிராக 2–1 வெற்றி. இறுதிப் போட்டியில் சீஷெல்ஸிடம் பெனல்டியில்தான் கிண்ணம் போனது. அப்போதும் இதே பேச்சு: இனி நாம் எழும்பிவிட்டோம். பதினான்கு மாதத்தில், 2023 ஜனவரியில், பீபா நம்மைத் தடை செய்தது. உதைபந்தாட்டச் சம்மேளனத் தேர்தலைச் சுற்றிய இழுபறியும் வெளியார் தலையீடும்தான் காரணம். ஓகஸ்ட் வரை சர்வதேசப் போட்டி கிடையாது. அந்த வருடத் தெற்காசியக் கிண்ணமும் நாம் இல்லாமலே நடந்து முடிந்தது. வெற்றியில் மயங்கிக் கிடந்த மாதங்களில் சம்மேளனத்துக்குள் என்ன நடக்கிறது என்று நாம் கேட்டிருக்க வேண்டும்.

"ஒரு நாளாவது சந்தோஷமாக இருக்க விடு" என்கிறார்கள். நியாயமான பேச்சுத்தான். 2024 செப்டெம்பரில் புனோம் பென் நகரில் கம்போடியாவைப் பெனல்டியில் வென்று இந்த ஆசியக் கிண்ணத் தகுதிகாண் சுற்றுக்குள் நுழைந்த இரவை நானும் மறக்கமாட்டேன். வெற்றி வந்தால் அனுசரணையாளர் வருவார், பிள்ளைகள் மைதானத்துக்கு வருவார்கள் என்பதும் உண்மை. ஆனால் மைதானத்துக்கு வந்த பிள்ளை அடுத்த சனிக்கிழமை எந்தப் போட்டியில் ஆடும்?

இன்றைய அணியின் பலம் எங்கிருந்து வந்தது? டிலொன் டி சில்வா லண்டனில் வளர்ந்தவர். கிளாடியோ கம்மர்க்னெக்ட் ஜெர்மனியில் ஆட்டம் கற்றவர். ஒலிவர் கெலார்ட் அவுஸ்திரேலியாவில் வளர்ந்தவர். இவர்களை வெளியாட்கள் என்று ஏசும் பேச்சை நான் ஒருநாளும் ஏற்கமாட்டேன். இந்த நாட்டை விட்டுப் போக நேர்ந்த குடும்பங்கள் எத்தனை, ஏன் போயின என்பது கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் இருப்பவர்களுக்குத் தெரியும். அப்படிப் போன குடும்பங்களின் பிள்ளைகள் திரும்பிவந்து இந்தச் சட்டையை அணிவதைப் பார்த்து எனக்குக் கண் கலங்கியிருக்கிறது. ஆனாலும் அவர்களை ஆட்டக்காரர்களாக்கியது அந்த நாடுகளின் வாராந்த லீக்குகளும் வயதுப்பிரிவுப் போட்டிகளும் சம்பளம் வாங்கும் பயிற்றுநர்களும்தான். அவர்கள் அடித்த கோலை நம் சம்மேளனத்தின் திறமைக்குச் சான்றாகக் காட்டுவது அந்தப் பையன்களுக்கே செய்யும் அநியாயம்.

இங்கே இருக்கும் பையனைப் பாருங்கள். காக்கைதீவுக் கடற்கரை மணலில் பந்தடித்துப் பழகுகிறான். முகத்துவாரம் டி லா சால் அல்லது கொட்டாஞ்சேனை புனித பெனடிக்ட் அணிக்காகப் பாடசாலைக் கிண்ணங்களில் ஆடுகிறான். பதினெட்டு, பத்தொன்பது வயதில் பாடசாலை முடிகிறது. பிறகு? இராணுவம், கடற்படை, விமானப்படை, பொலிஸ் கழகங்களில்தான் மாதச் சம்பளம் நிச்சயம். ஒரு தமிழ்ப் பையனுக்கு அந்தக் கதவு எப்படிப்பட்டது என்று இங்கே விளக்கத் தேவையில்லை. மிஞ்சுவது மாலைதீவுக் கழகம் ஒன்றின் அழைப்பு, இல்லையென்றால் புறக்கோட்டைக் கடையில் வேலை. அணித்தலைவர் சுஜன் பெரேராவே மாலைதீவில் பல பருவங்கள் ஆடியவர்தான்.

2021 இல் பத்துக் கழகங்களோடு சுப்பர் லீக் தொடங்கியபோது இந்தப் பக்கமெல்லாம் திருவிழாதான். கொட்டாஞ்சேனையின் ரட்ணமும் ரினவுனும் அதில் இருந்தன. தொற்றுக்கால முடக்கங்களைத் தாண்டி அது முடிந்தது. அடுத்த வருடம் அதன் இரண்டாம் பருவம் வரவில்லை. தேசிய அணி வென்றபோது தெருவில் வெடி கொளுத்திய நாம், ஒரு லீக் காணாமல் போனபோது என்ன செய்தோம்?

2025 ஒக்டோபரில் துர்க்மெனிஸ்தானையும் கொழும்பில் 1–0 என்று வென்றோம். ஐந்து நாளில் அவர்களின் மண்ணில் 1–2 என்று தோற்றோம். ஓர் இரவின் பெறுபேற்றை வைத்து ஆட்டத்தின் நிலையை அளந்தால், அந்த ஐந்து நாளுக்குள் நம் பந்தாட்டம் எழுந்து மறுபடி விழுந்துவிட்டது என்றல்லவா சொல்ல வேண்டும்? இரண்டு இரவிலும் மட்டக்குளிப் பையனுக்கு எதுவும் மாறவில்லை.

தோற்ற அன்று நிர்வாகிகளை ஏசுவது சுலபம், அதை எல்லோரும் செய்கிறோம். அன்று அவர்கள் கதவைச் சாத்திக்கொள்வார்கள். வென்ற அன்றுதான் கெமராவுக்கு முன்னால் சிரித்துக்கொண்டு நிற்பார்கள், கேட்டதற்குப் பதில் சொல்லவும் செய்வார்கள். ஆகவே கேட்க வேண்டிய நேரமும் அதுதான். லீக்கின் முதல் போட்டி எந்தத் திகதியில்? பதினைந்து வயதுப் பிரிவினருக்கு வாராந்தப் போட்டி எந்த மைதானத்தில்? ஆடுபவனுக்கு மாதம் எவ்வளவு, அதைத் தரப்போவது யார்? அடுத்த வெற்றி இரவில் ரேஸ்கோர்ஸ் வாசலில் நான் இதைக் கேட்கத்தான் போகிறேன். பக்கத்தில் நின்று நீங்களும் கேளுங்கள்.