டேட்டா கேபிள்தானே?

வேல்ஸில் உள்ள செங்ஹெனித் நிலக்கரிச் சுரங்கத்தில் 1913 அக்டோபர் 14 அன்று காலை நடந்த வெடிப்பு 439 தொழிலாளர்களின் உயிரைக் குடித்தது. மீட்கப் போன ஒருவரும் மாண்டார். பிரிட்டன் சுரங்கங்களில் இன்றுவரை அதைவிடப் பெரிய விபத்து நடந்ததில்லை. வெடிப்பின் காரணம் கடைசிவரை உறுதியாகவில்லை. ஆனால் விசாரணையில் பலமாக அடிபட்டது, சமிக்ஞை கொடுக்க வைத்திருந்த ஒரு மின்மணி. பேட்டரியில் ஓடும் சாதாரண மணிதான். அக்காலச் சுரங்கப் பாதைகளில் உறையில்லாத இரண்டு கம்பிகள் நெடுகப் போகும். வழியில் எங்கே அவற்றைச் சேர்த்துத் தொட்டாலும் மறுமுனையில் மணி ஒலிக்கும். இதில் என்ன பெரிய ஆபத்து இருந்துவிடப் போகிறது என்பதே பொது எண்ணம். விதிமீறல்களுக்காக மேலாளருக்கு 24 பவுண்டு, நிறுவனத்துக்கு 10 பவுண்டு அபராதம் விதித்ததோடு வழக்கு முடிந்தது.

வீலர், தார்ன்டன் ஆகிய ஆய்வாளர்கள் இந்த மணிகளைத் துருவிப் பார்த்தபோது வேறொரு விஷயம் புலப்பட்டது. மின்னழுத்தம் குறைவு என்பது மட்டும் காப்பாற்றாது. மணிக்குள் இருக்கும் கம்பிச் சுருள் ஆற்றலைத் தேக்கி வைக்கிறது. இணைப்பு அறுபடும் நொடியில் அதைப் பொறியாகக் கக்குகிறது. எந்தக் கோளாறு நேர்ந்தாலும் வாயுவைப் பற்றவைக்க முடியாத அளவுக்கு ஆற்றலைக் கட்டுக்குள் வைக்கும் மின்சுற்று என்ற கருத்து இங்கிருந்துதான் வளர்ந்தது. இன்று அந்தக் கணக்கில் கேபிளும் உண்டு. நீளம் கூடக்கூட அதில் தேங்கும் ஆற்றலும் கூடும்.

நூறாண்டு கடந்தும் பழைய எண்ணம் ஆலைகளில் வேறு பெயரில் உயிரோடிருக்கிறது: “டேட்டா கேபிள்தானே?” மோட்டாருக்குப் போகும் பவர் கேபிள் என்றால் மின்பொறியாளர், பாதுகாப்பு அதிகாரி என ஆயிரம் கண்கள் பார்க்கும். நெட்வொர்க் கேபிளையோ ஐ.டி. பிரிவு அலுவலகத்துக்கு வாங்கிய அதே சுருளிலிருந்து வெட்டிக் கொடுத்துவிடுகிறது.

இந்தக் கம்பிகள் குறையப் போவதில்லை, பெருகத்தான் போகின்றன. ஜெய்ப்பூர் சீதாபுராவில் இந்தியன் ஆயில் கிடங்கில் 2009 அக்டோபர் 29 மாலை கசிந்த பெட்ரோல், ஒரு மணி நேரத்துக்கும் மேலாக ஆவியாய்ப் பரவி வெடித்தது. 11 பேர் இறந்தார்கள். டாங்குகள் பல நாள் எரிந்தன. எம்.பி. லால் தலைமையிலான விசாரணைக் குழு, பற்றவைத்தது நிர்வாகக் கட்டடத்தில் இருந்த ஃபிளேம்புரூஃப் உறை (உள்ளே எழும் தீயை வெளியே விடாத உறை) இல்லாத மின்சாதனமாகவோ, அப்பகுதியில் ஸ்டார்ட் செய்யப்பட்ட வாகனமாகவோ இருக்கலாம் என்றது. வாயு உணரிகள், கண்காணிப்புக் கேமராக்கள், தூரத்திலிருந்தே மூடக்கூடிய வால்வுகள் ஆகியவற்றைப் பரிந்துரைத்தது. அத்தனையும் தேவைதான். ஆனால் ஒவ்வொன்றும் தன்னோடு ஒரு கேபிளை ஆபத்துப் பகுதிக்குள் இழுத்துக்கொண்டு போகிறது.

கேமராவையே எடுத்துக்கொள்ளலாம். டேட்டா போகும் அதே கேபிளில் மின்சாரத்தையும் அனுப்பும் ‘பி.ஓ.இ.’ முறை 2003-ல் தரப்படுத்தப்பட்டபோது 15 வாட் தந்தது. 2018-ல் வந்த தரம் 90 வாட் வரை தருகிறது. மின்னழுத்தம் சுமார் 50 வோல்ட். அலுவலகத்தில் இது வரப்பிரசாதம். ஆனால் ஹைட்ரஜனைப் பற்றவைக்க ஒரு மில்லிஜூலில் ஐம்பதில் ஒரு பங்கு போதும். நைலான் சட்டையைக் கழற்றும்போது சடசடக்கிறதே, அந்தப் பொறியே தாராளம். ஓடிக்கொண்டிருக்கும் கேமராவின் பிளக்கைப் பிடுங்குவது அலுவலகத்தில் அன்றாட வேலை. வழக்கமான இயக்கத்திலேயே ஆவி சேரக்கூடிய ‘ஜோன் 1’ பகுதியில் அது தீக்குச்சி உரசுவதற்குச் சமம். மின்சாரம் அனுப்பாத நெட்வொர்க் கேபிள் தானாகவே பாதுகாப்பானது என்றும் சொல்ல முடியாது. மறுமுனையில் இருக்கும் சுவிட்ச் 230 வோல்ட்டில் ஓடுகிறது. அதில் கோளாறு வந்தால் என்னென்ன இந்தக் கம்பியில் ஏறி வரும் என்பதையும் கணக்கிட வேண்டும்.

அப்படியானால் ஒளியிழைக் கேபிள்? முதுகெலும்பு இணைப்புக்கு அதுதான் முதல் தேர்வாக இருக்க வேண்டும். மின்பொறி இல்லை, இடி மின்னலை ஏந்தி வராது, தாமிர நெட்வொர்க் கேபிளுக்கு உள்ள 100 மீட்டர் வரம்பும் இல்லை. ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டியதில்லை. உடைந்த இழையின் முனையிலிருந்து வரும் ஒளிக்குச் சக்தி அதிகமிருந்தால், எதிரே இருக்கும் தூசித் துகளைச் சூடாக்கி வாயுவைப் பற்றவைக்க முடியும். அதற்கென்றே சர்வதேசத் தரவிதி இருக்கிறது.

கருவிகளுக்குப் போகும் கடைசிக் கிளைக்கு 2021-ல் ‘ஈதர்நெட் ஏ.பி.எல்.’ வந்தது. ஒரே ஜோடிக் கம்பியில் டேட்டாவும் மின்சாரமும். பிரதான கேபிள் 1,000 மீட்டர் வரை, கிளை 200 மீட்டர் வரை. வேகம் நொடிக்கு 10 மெகாபிட் மட்டுமே. அழுத்தமானிக்கு அது தாராளம், கேமராவுக்குப் போதாது. செங்ஹெனித் மணி கற்றுத்தந்த ஆற்றல் கணக்கை முதலிலேயே போட்டு வடிவமைத்த நெட்வொர்க் இது.

விலைப்பட்டியலில் தலைகாட்டாத சமாசாரம் ஒன்று உண்டு: கேபிளும் ஒரு குழாய்தான். முறுக்கிய ஜோடிகளுக்கும் மேலுறைக்கும் நடுவே உள்ள இடைவெளி வழியாக வாயு மெல்ல ஊர்ந்து கட்டுப்பாட்டு அறைக்கே வந்துவிடலாம். அதனால்தான் உள்ளே நிரப்புப் பொருளால் இறுக்கிய கேபிளும், கேபிள் நுழையும் இடத்தில் பசைக்கலவை ஊற்றி அடைக்கும் ‘கிளாண்ட்’ என்ற பொருத்தியும் தேவைப்படுகின்றன. அரசின் ‘பெசோ’ அங்கீகாரம் பெற்ற, லட்ச ரூபாய் ஃபிளேம்புரூஃப் பெட்டியை வாங்கிவிட்டு, கேபிள் நுழையும் துளையில் சான்றில்லாத கிளாண்டைத் திருகினால் பெட்டியின் சான்றிதழ் வெறும் காகிதம்.

அடைக்கும் பொருளும் முக்கியம். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் பிரவுன்ஸ் ஃபெரி அணுமின் நிலையத்தில் 1975 மார்ச் 22 அன்று, கேபிள் போகும் சுவர்த் துளைகளில் காற்றுக் கசிகிறதா என்று தொழிலாளர்கள் மெழுகுவர்த்திச் சுடரைக் காட்டிப் பார்த்தார்கள். துளையை அடைத்திருந்த பாலியூரித்தேன் நுரையில் தீப்பிடித்தது. ஏறக்குறைய ஏழு மணி நேரம் எரிந்து, 1,600-க்கும் மேற்பட்ட கேபிள்கள் சேதமாயின. ஓரிடத்தில் பிடித்த தீ, பாதுகாப்பு அமைப்புகள் பலவற்றையும் செயலிழக்க வைத்தது.

நம் சந்தையின் தனிச் சிக்கல், தாமிரம் பூசிய அலுமினியக் கம்பியைச் சுத்தத் தாமிரம் என்று விற்பது. சுரண்டினால் உள்ளே வெள்ளை தெரியும். மின்தடை அதிகம், மின்சாரம் ஏற்றினால் கூடுதலாகச் சூடாகும், வளைத்தால் சீக்கிரம் ஒடியும். மீட்டருக்கு இத்தனை ரூபாய் என்று மட்டும் கேட்கும் டெண்டரில் இதுதான் ஜெயிக்கும்.

ஆலையில் எந்த இடம் எந்த ஜோன் என்று காட்டும் வரைபடம் பெரும்பாலும் பாதுகாப்பு அதிகாரியின் அலமாரியில் தூங்குகிறது. ஆர்டர் போடுபவர் அதைப் பார்த்திருக்க மாட்டார். நெட்வொர்க் கேபிள் கொள்முதலில் அந்த அதிகாரியின் கையெழுத்தையும் கட்டாயமாக்க வேண்டும். ஜோன் எண்ணும் கிளாண்டின் சான்று எண்ணும் இல்லாத பில்லைக் கணக்குப் பிரிவு திருப்பி அனுப்ப வேண்டும். ஐ.டி. பிரிவு முணுமுணுக்கும், வேலை ஒரு வாரம் தள்ளிப்போகும். போகட்டும்.